காலந்தாழ்த்தும் அன்பு

குழந்தை பிறந்த வீட்டில் நாள் பார்ப்பதற்குக் குறைவே இல்லை. பெயர் சூட்ட ஒரு நாள், தொட்டிலில் இட ஒரு நாள், முதல் முடி இறக்க ஒரு நாள், காது குத்த ஒரு நாள் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி நாள் குறிக்கிறார்கள். குறித்த நாள் தவறினால் ஏதேனும் குறை வந்து சேருமோ என்று அஞ்சுகிறார்கள். ஆனால், அரசாங்க மருந்தகத்துத் தாதி குழந்தையின் நலப் பதிவேட்டில் எழுதித் தரும் நாள் மட்டும் எவர் நெஞ்சையும் உறுத்துவதில்லை. அந்த நாள் வருகிறது, போகிறது. அடுத்த வாரம் என்கிறார்கள். அடுத்த மாதம் என்கிறார்கள். தவறினால் உண்மையிலேயே தீங்கு விளையக்கூடிய ஒரே நாளைத்தான் இவ்வாறு தவற விடுகிறார்கள்.

இரண்டு மாதம் நிறைந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். "பச்சை உடம்பு தாங்காதம்மா, இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும்" என்று பாட்டி மருமகளிடம் சொல்கிறார். தந்தை, கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டி, "ஒரே ஊசியில் ஆறு நோய்க்கு மருந்தாம். ஒரு வயது ஆகட்டும், ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். தாய்க்கோ, மூத்த குழந்தைக்கு ஊசி போட்ட இரவு அது அழுத அழுகை இன்னும் காதில் ஒலிக்கிறது. மூவரும் குழந்தையின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். மூவரும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: "பிறகு பார்க்கலாம்."

இம்மூவரும் தடுப்பூசிக்குப் பகைவர் அல்லர். தடுப்பூசியே வேண்டா என்று மறுப்பவர் ஒரு சிலரே. அவர்களுடைய வாதம் வெளிப்படையானது. அதற்கு மறுமொழி கூறுவோரும் பலர் உளர். ஆனால், போடத்தான் போகிறோம், இப்போது வேண்டா என்று சொல்லும் பெற்றோரை எவரும் கண்டிப்பதில்லை. அவர்கள் செய்வது எச்சரிக்கை என்று பெயர் பெறுகிறது. பொறுப்பு என்றுகூடப் பாராட்டப்படுகிறது. அந்தப் பெயர் பொருந்தாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தள்ளிப்போடுவது முடிவெடுக்காமல் இருப்பதன்று. அதுவும் ஒரு முடிவுதான். குழந்தையின் சார்பில் நோய்க்கு வழிவிடும் முடிவு.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'காலமறிதல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அரசருக்கும் வினை செய்வோருக்கும் சொல்லப்பட்ட அந்தக் காலமறிதல், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் வாழ்விலும் எவ்வளவு தேவை என்பதை மருத்துவ அறிவு இன்று காட்டுகிறது. மருந்து ஒன்றே, ஆனால் உரிய காலத்தில் இட்டால் அது வேலி, காலங்கடந்து இட்டால் அது வெறும் சடங்கு என்று ஆகிவிடும் தறுவாய்கள் உண்டு.

மலேசியாவின் தடுப்பூசி அட்டவணையை எடுத்துக்கொள்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிறந்த அன்று, இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று இந்த நாள்களை யார் குறித்தார்கள்? மருத்துவர்கள் தம் வசதிக்காகக் குறித்தார்களா? தாதியருக்கு ஓய்வு கிடைக்கும் நாளைப் பார்த்துக் குறித்தார்களா? இல்லை. உண்மையில் அந்த நாள்களைக் குறித்துக் கொடுத்தவை நோய்களே. எந்த நோய் எந்த வயதில் குழந்தையைக் கொல்ல வருகிறதோ, அந்த வயதுக்கு முன்னால் வேலி அடைக்கப்படுகிறது. அட்டவணையின் இரகசியம் இவ்வளவே.

பிறந்த குழந்தைக்கே கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சள் காமாலைக்கு எதிராக ஊசி போடுகிறார்கள். கண் திறவாத பிள்ளைக்கு ஏன் இந்த அவசரம் என்று கேட்போர் உண்டு. அவசரத்துக்குக் காரணம் உண்டு. வளர்ந்தவர் ஒருவரை இக்கிருமி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதனை வென்று தேறிவிடுகிறார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற குழந்தையிடத்திலோ நிலைமை தலைகீழ். பத்துக் குழந்தைகளில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கியும் புற்றுநோய் கண்டும் ஒருவர் மாள்வதற்கு, அவர் பிறந்த முதல் நாளிலேயே விதை ஊன்றப்பட்டிருக்கலாம். இந்நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அந்த முதல் நாள் ஊசியை முதல் பிறந்தநாளுக்குத் தள்ளிப்போடுவோர், கதவு உடைபட்ட பின் பூட்டு வாங்கப் போகிறவருக்கு ஒப்பாவர்.

கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும் ஒரு தொல்லை. பள்ளி மாணவனுக்கு அது மூச்சை இழுத்து இழுத்து இருமும் துன்பம். ஆனால், இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு அது இருமலாகக்கூட வருவதில்லை, மூச்சு நின்றுவிடுகிறது. உதடு நீலம் பாரித்துக் குழந்தை துவண்டுவிடுகிறது. கக்குவானால் மாள்பவருள் மிகப் பெரும்பாலோர் ஊசியின் முதல் தவணைகளைக்கூட முடிக்காத கைக்குழந்தைகளே. இந்நோய்க்கான தடுப்பூசி இரண்டாம் மாதத்தில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். "சதை பிடிக்கட்டும்" என்று பாட்டி காத்திருக்கச் சொல்லும் அந்த மாதங்களே, நோய் கொலைத் தொழில் புரியும் மாதங்கள். குழந்தை தேறிய பிறகு போடலாம் என்பது, நீந்தக் கற்ற பிறகே ஆற்றில் மிதவை தருவோம் என்பது போன்றது.

தட்டம்மைக்கான ஊசி மட்டும் ஏன் ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்கிறது? அதற்கும் காரணம் உண்டு. கருவறையில் தாய் தந்தனுப்பிய எதிர்ப்பாற்றல் குழந்தையின் குருதியில் சில மாதங்கள் காவல் நிற்கிறது. அது நிற்கும் வரையில் ஊசியின் பயனை அதுவே தடுத்துவிடும். அது தேய்ந்து மறையும் தறுவாயில்தான் ஊசி போட வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மலேசியாவில் 2002ஆம் ஆண்டில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி வந்தபோது அது பன்னிரண்டாம் மாதத்தில் போடப்பட்டது. 2016 முதல் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் போடப்படுகிறது. நோய் எந்த வயதில் தாக்குகிறது என்பதைக் கண்டு அட்டவணை திருத்தப்படுகிறது. இத்தனைக் கவனத்தோடு குறிக்கப்பட்ட நாளை, ஒரு தந்தை கைப்பேசியில் வந்த நான்கு வரிகளைப் படித்துவிட்டு மாற்றி எழுதுகிறார் என்றால், அதனை அன்பு என்பதா, அறியாமை என்பதா?

தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு நாடே அதனைச் செய்து பார்த்து, விலையும் கொடுத்திருக்கிறது. ஜப்பானில் 1974ஆம் ஆண்டில் கக்குவான் கண்டவர் ஏறத்தாழ நானூறு பேரே. அந்தக் குளிர்காலத்தில் ஊசி போட்டுக்கொண்ட இரு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. ஊசிதான் காரணம் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1975ஆம் ஆண்டில் அரசு ஊசியை நிறுத்தியது. சில வாரங்களில் மீண்டும் அனுமதித்தது. ஆனால், ஊசி தொடங்கும் வயதை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குத் தள்ளிவைத்தது. அதாவது, இன்று இங்கே பல வீடுகளில் எடுக்கப்படும் அதே முடிவை அங்கே அரசாங்கமே எடுத்தது. அச்சங்கொண்ட பெற்றோர் பலர் இரண்டு வயதிலும் போடவில்லை. 1976இல் பத்துக் குழந்தைகளில் ஒரு குழந்தைதான் ஊசி பெற்றது. 1979ஆம் ஆண்டில் கக்குவான் கண்டவர் 13,000 பேருக்கு மேல். மாண்டவர் 41 பேர்.

அந்த 41 உயிர்களுக்கும் யார் பொறுப்பு? ஊசியை எதிர்த்தவர் மட்டுமா? "கொஞ்சம் பொறுத்துப் போடலாம்" என்று நடுநிலை பேசியவருக்கு அதில் பங்கில்லையா? 1981இல் பக்க விளைவு குறைந்த புதிய வகை ஊசியை ஜப்பான் கொண்டுவந்த பிறகே நோய் மீண்டும் அடங்கியது. அறிவியல் தன் குறையைத் திருத்திக்கொண்டது. ஆனால், இடையில் போன உயிர்கள் போனவைதாம்.

இனி, தள்ளிப்போடுவோர் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

முதற்காரணம், ஒரே நேரத்தில் ஆறு நோய்க்கான மருந்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது என்பது. கேட்பதற்கு இது நியாயம் போலவே தோன்றும். ஆனால், தாய்ப்பால் பருகும் வாயிலும், தரையில் தவழும் கையிலும், முத்தமிடும் உறவினரின் மூச்சிலும் குழந்தை நாள்தோறும் சந்திக்கும் கிருமிகள் எண்ணிலடங்கா. அவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்கும் உடல் இது. மேலும், இன்றைய தந்தை 1990களில் குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்ட பழைய முத்தடுப்பூசியில், கக்குவான் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,000 வகைப் புரதங்கள் இருந்தன. இன்று அவருடைய குழந்தைக்குப் போடப்படும் ஊசியில் அதே பகுதியில் ஐந்துக்கு மேற்படாத புரதங்களே உள்ளன. நோய்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. உடலின்மேல் ஏற்றப்படும் சுமையோ குறைந்திருக்கிறது. மூவாயிரத்தைத் தாங்கி வளர்ந்து, திருமணமும் செய்துகொண்ட ஒருவர், ஐந்தைத் தம் பிள்ளை தாங்காது என்று அஞ்சுவது வேடிக்கையன்றோ? ஆறையும் ஆறு நாளில் பிரித்துப் போடுவதால் குழந்தை பெறும் நன்மை ஒன்றுமில்லை. ஒரு முறை அழ வேண்டிய குழந்தை ஆறு முறை அழும். காவலின்றி நிற்கும் நாள்களும் நீளும்.

இரண்டாம் காரணம், தட்டம்மை ஊசியால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்ற அச்சம். இதற்கு வித்திட்டது, 1998ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் பிறரும் வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் பன்னிருவரே. பின்னர் அந்த ஆய்வில் நேர்மைக் கேடுகள் வெளிப்பட்டன. 2010இல் இதழ் அக்கட்டுரையை முற்றாக விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் அவர் பெயர் அந்நாட்டு மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கு நாட்டினர் வெளியிட்ட ஆய்வு 657,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஊசி பெற்றவரிடையே ஆட்டிசம் கூடுதலாக இல்லை என்று அது உறுதி செய்தது. பன்னிருவரைப் பற்றிய பொய் உலகைச் சுற்றி வந்தது. ஆறரை இலட்சம் பேரைப் பற்றிய உண்மை இன்னும் பல வீடுகளின் வாசலைத் தொடவில்லை.

குழந்தை பேசத் தொடங்க வேண்டிய வயதில்தான் ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அதே வயதை ஒட்டித்தான் இந்த ஊசியும் போடப்படுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பழம் விழுந்ததற்குக் காக்கையைக் குற்றஞ்சாட்டுவோர், காக்கை உட்காத மரத்திலும் பழம் விழுவதைக் காண மறுக்கிறார்கள்.

மூன்றாம் காரணம், குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது. ஆண்டில் பாதி நாள் மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் இந்நாட்டில், மூக்கு ஒழுகாத குழந்தையை எந்த மாதத்தில் காண முடியும்? சாதாரணச் சளிக்கும் இலேசான இருமலுக்கும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. கடுங்காய்ச்சல் கண்ட குழந்தை, முன்னைய ஊசியால் கடும் ஒவ்வாமை கண்ட குழந்தை, எதிர்ப்பாற்றல் குன்றிய நோயுள்ள குழந்தை ஆகியோருக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால், அந்த விலக்கைத் தர வேண்டியவர் மருத்துவர். அண்டை வீட்டாரும் அல்லர், கைப்பேசியும் அன்று. குழந்தையை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று, "சளி இருக்கிறது, போடலாமா?" என்று கேட்பது ஒரு பெற்றோரின் கடமை. வீட்டிலிருந்தபடியே தாமாகத் தீர்ப்பெழுதுவது கடமை தவறுதல்.

ஊசியால் துன்பமே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. போட்ட இடம் வீங்கலாம், காய்ச்சல் வரலாம், ஓரிரவு குழந்தையும் உறங்காது, தாயும் உறங்க மாட்டாள். கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிகளில் ஒன்றை ஒட்டிய அளவில் நேர்வதும் உண்டு. அதற்காகத்தான் ஊசி போட்டபின் சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்கிறார்கள். இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், ஓரிரவு அழுகையை ஒரு தட்டிலும், மூச்சு நின்ற குழந்தையை மறு தட்டிலும் வைத்து நிறுக்கத் தெரியாத அன்பு எத்தகைய அன்பு?

நான்காம் காரணத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு விடுப்புக் கிடைப்பதில்லை; நாட்கூலி பெறுபவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. இது உண்மையான துன்பம். இதனை எள்ளுவது தகாது. அரசாங்க மருந்தகத்தில் ஊசிக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அங்கே காத்திருக்கும் காலத்துக்கு விலை உண்டு. ஆனால், இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஊசி இப்போது வேண்டா என்று வீட்டில் முடிவு கூறும் தந்தை, ஊசி போடும் நாளில் எங்கே போனார்? முடிவெடுக்கும் உரிமை அவருடையது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் வேலை மட்டும் தாயினுடையது என்றால், அந்தக் குடும்பத்துக்கு முதலில் மருந்து தேவைப்படுவது வேறோர் இடத்தில். ஆண்டுக்கு ஐந்தாறு முறை அரை நாள் விடுப்பு எடுக்கத் தந்தையர் முன்வந்தால், தள்ளிப்போடும் வழக்கத்தில் பாதி ஒழிந்துவிடும்.

தமிழருக்குத் தடுப்பூசி புதிதன்று. இந்நாட்டுக்குக் கப்பலேறிய முன்னோர், நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அம்மை குத்திக்கொண்ட பிறகே புறப்பட்டார்கள். கரை சேர்ந்தபின் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் நோய்க்காப்புக்கென்று தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களை எவரும் விருப்பம் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். பின்னர்த் தோட்டங்களில், விடியலில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன தாய்மார்கள், டிரஸர் ஊசி போட வருகிறார் என்றதும் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவருள் பலர். ஆனால், ஒரே லயத்தில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் மாண்டதைக் கண்ணால் கண்டவர்கள். ஊசி எதற்கு என்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தலைமுறை மாரியம்மனை வணங்கியது, வேப்பிலை கட்டியது, அம்மையும் குத்திக்கொண்டது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையென்று அது கருதவில்லை. 1977ஆம் ஆண்டில் சோமாலியாவில் கண்டதே இயற்கையாகத் தோன்றிய இறுதிப் பெரியம்மை. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. கோயில்கள் அப்படியே இருக்கின்றன, நோய்தான் போயிற்று. படிக்காத பாட்டிமார் வரிசையில் நின்று ஈட்டிக்கொடுத்த பாதுகாப்பில் வளர்ந்து, படித்துப் பட்டம் பெற்ற பேரன்மார், "இப்போது எங்கே இருக்கிறது இந்த நோயெல்லாம்?" என்று கேட்கிறார்கள். குடை பிடித்து நடந்தவன், தான் நனையாததைக் காட்டி மழையே பெய்யவில்லை என்று சொன்னானாம்!

நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்நாட்டின் அண்மை வரலாறே விடை கூறும். மறைந்துவிட்டது என்று எண்ணப்பட்ட தொண்டை அடைப்பான் 2016ஆம் ஆண்டில் கெடா, மலாக்கா முதலிய மாநிலங்களில் மீண்டும் தோன்றிப் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கிளந்தானில் உள்ள குவாலா கோ என்னும் பாத்தேக் பழங்குடியினர் ஊரில் தட்டம்மை புகுந்து உயிர்களைப் பறித்தது. காட்டு வாழ்வாலும் தொலைவாலும் தடுப்பூசி முழுமையாகச் சென்று சேராத ஊர் அது. அம்மக்களை மருந்தகம் எட்டவில்லை. எட்டும் தொலைவில் மருந்தகத்தை வைத்துக்கொண்டு எட்டாமல் இருப்போருக்கு என்ன மறுமொழி உண்டு?

அதே ஆண்டு டிசம்பரில், சபாவின் துவாரான் வட்டாரத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. 1992க்குப் பிறகு, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து மலேசியாவில் தோன்றிய முதல் நோயாளி அக்குழந்தை. தடுப்பு மருந்திலிருந்தே வந்த கிருமி என்று சிலர் இதனைச் சுட்டிக்காட்டுவர். உண்மைதான். ஆனால், அந்த உண்மையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வாய்வழி மருந்தில் உள்ள வலுவிழந்த கிருமி, காப்புப் பெறாதவர் பலர் வாழும் இடங்களில் மட்டுமே உடலுக்கு உடல் தாவி, நாளடைவில் இழந்த வலிமையை மீண்டும் பெறுகிறது. எல்லாரும் காலத்தில் காப்புப் பெற்ற ஊரில் அது தாவ இடமின்றி மடிந்துபோகும். இழந்த வலிமையை அதற்குத் திருப்பித் தந்தவை, காப்பின்றி விடப்பட்ட உடல்களே.

அந்தக் குழந்தையின் வயதையும் நினைவில் கொள்ள வேண்டும். மூன்று மாதம்! தவணைகள் அனைத்தையும் முடித்திருக்க முடியாத வயது. அத்தகைய பிஞ்சுகளைக் காப்பது அவர்கள் உடலில் உள்ள மருந்தன்று. சுற்றியுள்ளோர் உடலில் உள்ள மருந்து. தட்டம்மை கண்ட ஒருவர் அறையைவிட்டு வெளியேறி இரண்டு மணி நேரம் வரையில்கூட அவருடைய கிருமி அங்கே காற்றில் நிற்கும். காப்பில்லாத பத்துப் பேர் அதனை எதிர்கொண்டால் ஒன்பது பேர் வரை நோயுறுவர். அந்நோய் பரவாதிருக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருக்க வேண்டும். மீதி ஐந்து இடங்கள் யாருக்கு? ஊசி போடும் வயதை எட்டாத குழந்தைக்கும், புற்றுநோய்க்கு மருந்துண்ணும் சிறுவனுக்கும், ஒவ்வாமையால் ஊசியே ஏலாதவனுக்கும் உரியவை அவை. நலமாக உள்ள தம் பிள்ளையை அந்த இடங்களில் கொண்டுபோய் உட்கார வைக்கும் பெற்றோர், நோயாளியின் நாற்காலியைப் பறித்துக்கொள்கிறார்கள். "என் பிள்ளை, என் விருப்பம்" என்னும் சொல் இங்கே செல்லாது. காற்றுக்கு வேலியில்லை.

சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கு எதிரான தடுப்பூசி 1962 முதலும், தட்டம்மைக்கு எதிரான தடுப்பூசி 1985 முதலும் சட்டப்படி கட்டாயம். மலேசியாவில் அத்தகைய சட்டம் இல்லை. பெற்றோரின் நல்லறிவை நம்பியே அரசு இலவசமாக ஊசியை வழங்கி வருகிறது. சட்டம் வேண்டும் என்று 2016க்குப் பிறகு பலர் குரல் எழுப்பினர். வந்தால் வரவேற்கத்தக்கதே. ஆனால், தன் குழந்தையின் உயிரைக் காக்கச் சட்டத்தின் பிரம்பு வேண்டும் என்று ஒரு சமுதாயம் காத்திருப்பது பெருமைக்குரியதன்று. விருப்பம் கேட்கப்படாத முன்னோர் கையை நீட்டினர். விருப்பம் கேட்கப்படும் இன்றையோர் கையைப் பின்னுக்கு இழுக்கின்றனர். உரிமை வந்தது, உரிமையைப் பயன்படுத்தும் பொறுப்பு வரவில்லை.

பள்ளிகளுக்கும் இதில் கடமை உண்டு. முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு, தேய்ந்துவரும் எதிர்ப்பாற்றலைப் புதுப்பிக்கச் சுகாதார அமைச்சின் குழு பள்ளிக்கே வந்து ஊசி போடுகிறது. அதற்கான ஒப்புதல் படிவம் பல நேரங்களில் பிள்ளையின் பையிலேயே கசங்கிக் கிடக்கிறது, கையொப்பமின்றித் திரும்புகிறது, திரும்பாமலும் போகிறது. அப்படிவத்தை வெறும் தாளாக எண்ணி ஆசிரியர்கள் அமைந்துவிடலாகாது. கையொப்பமிடாத பெற்றோரை அழைத்து, அச்சம் என்ன என்று கேட்டு, பொறுமையோடு விளக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் பதியும் நாளிலேயே நலப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம். கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழா நாளோடு ஊசி நாளையும் எழுதலாம். மகளிர் மன்றங்கள் தாய்மாரைச் சேர்த்து வண்டி வைத்து அழைத்துச் செல்லலாம். இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனம் ஒன்றே வேண்டும்.

நாள் தவறவிட்ட பெற்றோர், வெட்கத்தாலோ தாதி கடிந்துகொள்வார் என்ற அச்சத்தாலோ மருந்தகப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதும் உண்டு. அது முதற்பிழையினும் பெரிய பிழை. தவறிய தவணைகளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. காலங்கடந்த காப்பு, காப்பே இல்லாமைக்கு எவ்வளவோ மேல். கடிந்து பேசும் தாதியின் சொல் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

பெற்றோரின் அன்பில் எவருக்கும் ஐயமில்லை. அந்த அன்புதான் பஞ்சாங்கத்தைப் புரட்ட வைக்கிறது; அந்த அன்புதான் ஊசியின் முனையைக் கண்டதும் பின்வாங்கவும் வைக்கிறது. ஆனால், குழந்தையின் அழுகைக்கு அஞ்சும் அன்பு, குழந்தையின் மௌனத்துக்கு அஞ்சக் கற்றுக்கொள்ள வேண்டும். இத்தனை நல்ல நாள் பார்க்கும் வீடுகள், தாதி எழுதித் தந்த அந்த நாளையும் நல்ல நாள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். இராகு காலமும் எமகண்டமும் பார்த்து ஒதுக்குவோர், குழந்தையின் வாழ்வில் உண்மையான எமகண்டம் எந்த மாதங்களில் வருகிறது என்பதை அந்தச் சிறு பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். அங்கே நாள் குறித்தாயிற்று. போக வேண்டியதுதான் பாக்கி.